கடைசிப் பத்தியை எழுதியது யார்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், மகள் ஓடி வந்து அணைக்கிறாள். கதை எழுதினவளுக்கு இது எழுத வராதா என்று கேட்காதீர்கள். கதையில் இல்லாததையும் சொல்லலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது, அதுதான் சிரமமாக இருக்கிறது.

தம்போயில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் என் பழைய கதைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறார். வயதில் என்னைவிடச் சிறியவர்தான், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிட வருகிறது. என்னிடம் ஒரு கதைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்ததை எல்லாம் அவரே எங்கெங்கோ தேடி, படம் எடுத்து, என் மகளின் கைப்பேசிக்கு அனுப்பினார். மகள் பெரிதாக்கிக் காட்டக் காட்ட நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பழைய அச்சு, பாதி மங்கிப்போய் இருந்தது. எல்லாம் சரி, ஒரு கதையில் மட்டும் கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

டீச்சர் பெர்மாஸ் ஜெயாவுக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் இங்கே மகள் வீட்டில் இருக்கிறேன்.

“அந்தப் பத்தி இல்லன்னா அந்தப் பொண்ணு பஸ்ஸுல ஏறிப் போனதோட கத நின்னுடுமே அம்மா.”

“நான் எழுதுனது அவ்வளவுதான் டீச்சர். மிச்சம் எங்க வீட்டுக்காரர் எழுதுனது.”

டீச்சர் மைலோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் படம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. டீச்சர் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அச்சான கதையை மாற்ற மனம் வரவில்லை, ஆனால் கதை உங்களுடையது, நீங்கள் சொல்லும் காரணத்தை எழுதிக் கொடுத்தால் புத்தகத்தின் முன்னால் அதையும் போட்டு, பத்தியை எடுத்துவிடுகிறேன் என்றார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் மாசாயில் அடுக்கு வீட்டில் இருந்தோம். நான் ரேடியோவுக்குள் வைக்கும் சின்னச் சின்ன உருப்படிகளைப் பொருத்தும் ஃபேக்டரியில் வேலை செய்தேன். என் வீட்டுக்காரர் அதே ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டினார். கை வேலை செய்யும், மனம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த மனத்தில்தான் கதை வந்தது.

எனக்கு ஆட்களிடம் நிமிர்ந்து பேச வராது. கதை எழுதுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். ஆனால் ஒரு கதையை யாரிடமாவது சொல்லிப் பார்க்காமல் எழுதவும் வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேண்டீனில் தமிழ்ப் பெண்கள் எல்லாம் ஒரே மேசையில் உட்காருவோம். நான் மனத்தில் கட்டிய கதையை, எங்கள் பிளாட்டில் நடந்தது என்று மெதுவாக எடுத்துவிடுவேன். ‘எங்க கீழ் வீட்டுக் கிழவருக்கு இப்படியாம்’ என்று ஆரம்பித்தால் போதும். மேசையே அதைப் பிடித்துக்கொள்ளும். அவனை உதைக்க வேண்டும் என்பார்கள், அவள் மேலும் தப்பு இருக்கிறது என்பார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த இடத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்களோ, அந்த இடம்தான் கதை.

எனக்கு எதிரே ஒரு அக்கா உட்காருவார். பெரிய குரல். எல்லா வழக்குக்கும் அவர்தான் தீர்ப்பு. ஒருநாள் அவர், “அலமாக், உன் பிளாட்டுல மட்டும் எப்படிம்மா இவ்வளவு நடக்குது? எங்க பிளாட்டுல தண்ணி வரலங்கிறத தவிர ஒண்ணும் நடக்க மாட்டேங்குது” என்றார். கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி மேசை சிரித்தது. எனக்கு ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். தாளும் வாங்க மாட்டேன். சீனர் மளிகைக் கடையில் கொடுக்கும் பெரிய காலண்டரில் மாதம் முடிந்ததும் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதுவேன். இந்தத் தாளை எந்தப் பத்திரிகை வாங்கும்? என் வீட்டுக்காரர் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவர், அச்சுக் கோத்ததுபோல் எழுதுவார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் ஷிப்டு முடியும்வரை பஸ்ஸை மரத்தடியில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தாயம் ஆடுவார்கள். இவர் ஸ்டீயரிங் மேல் ஒரு பலகையை வைத்து, கோடு போட்ட தாளில் ஒரு பக்கமாக என் கதையைப் பிரதி எடுப்பார். அவரே தபாலிலும் சேர்த்துவிடுவார். காலண்டர் தாள் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரும். அதை நான் சமையலறை அலமாரித் தட்டில் விரித்து மேலே டப்பாக்களை அடுக்கிவிடுவேன்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவர் எழுதிய பிரதியை நான் பார்த்ததே இல்லை. பத்திரிகையில் வந்தபிறகுதான் பார்ப்பேன்.

முதல் கதை வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரோட்டோர ஒட்டுக்கடையில் இருந்த பத்திரிகையை எல்லாம் வாங்கி வந்துவிட்டார். கதையில் ஒரு கிழவர் கிளினிக்கில் வரிசையில் காத்திருந்து, பெயரைக் கூப்பிடும்போது எழுந்திருக்க மாட்டார். அப்படித்தான் நான் முடித்திருந்தேன். அச்சில் பார்த்தால், கடைசி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து மகன் ஓடி வந்து தோளைத் தொடுகிறான், கிழவர் கண் திறக்கிறார். பத்திரிகைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பேர் வந்த சந்தோஷத்தில் அதையும் விழுங்கிவிட்டேன். பேர் என்றால் என் பேர் இல்லை, ஆண்பிள்ளை பேர்போல் ஒரு புனைபெயர்.

அடுத்த அடுத்த கதைகளிலும் இப்படியே நடந்தது. ஓடிப்போன தம்பி தீபாவளிக்கு வந்து நிற்பான். கசந்த மாமியார் கடைசியில் தட்டில் ஒரு வடையை அதிகமாக வைப்பார். ஒருநாள் ஃபேக்டரி பஸ்ஸில் நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், அவர்தான் கதை எழுதுகிறார் என்று நினைத்து, என் வீட்டுக்காரரைச் சீண்டினார்.

“என்ன எழுத்தாளரே, இந்த வாரமும் யாரும் சாவலயா?”

“நம்ம கைக்கு வந்துட்டா ஒருத்தனையும் சாவ விடமாட்டேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பாடு போடும்போது, பத்திரிகையில் முடிவை மாற்றிவிடுகிறார்கள் போலிருக்கிறதே என்று சும்மா சொல்வதுபோல் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. “ஞாயித்துக்கெழம காலைல ரொட்டி சானாய் தின்னுக்கிட்டே படிக்கிறாங்க. அழவச்சு அனுப்பணுமா? பாவம்லா” என்றார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். எங்கள் வீட்டில் இலக்கியம் பேசியது அந்த ஒருமுறைதான்.

அவரைக் குறை சொல்லி மட்டும் எழுதினால் அது சரியில்லை. அந்த முடிவுகளால்தான் எனக்கு வாசகர்கள் வந்தார்கள். பத்து பஹாட்டிலிருந்து ஒரு அம்மா, என் கதையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்த மகனுக்குப் போன் செய்ததாக எழுதியிருந்தார். ஒரு சங்கத்தில் பரிசும் கொடுத்தார்கள். மேடையில் புனைபெயரைக் கூப்பிட்டதும் என் வீட்டுக்காரர் ‘போ, போ’ என்று முழங்கையால் இடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவரே எழுந்து போனார். அவருக்கே பொன்னாடை போட்டார்கள். எழுதுவது லேசான காரியம் இல்லை என்று அவர் ஒலிபெருக்கியில் வேறு சொன்னார். திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பொன்னாடையை எடுத்து என் தலையில் போர்த்தினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் ஒரு பக்கமும் அழுகை ஒரு பக்கமுமாக வருகிறது.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

வேலையில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இளையவள், சுறுசுறுப்பு. நான் கதை எழுதுகிறேன் என்பது ஃபேக்டரியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கேண்டீனில் நான் சொன்ன ‘கீழ் வீட்டுக் கிழவர்’ பத்திரிகையில் வந்திருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் மேசையில் ‘எங்க மாடி வீட்டுல’ என்று ஆரம்பித்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரன் அவளை அடிப்பான். வெயில் நாளிலும் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டிருப்பாள். நான் கேட்டதில்லை, அவளாக ஒருநாள் சொன்னாள். பிறகு ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளுவாங்கில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஃபேக்டரியில் லீவு என்று சொல்லியிருந்தாள். திரும்பி வர மாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கதை இப்படி வந்தது: ஒருத்தி குழந்தையோடு லார்கின் பஸ் நிலையத்தில் பஸ் ஏறுகிறாள். சிகாமட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகிறாள். பஸ் கிளம்புகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை வழக்கம்போல் எங்கள் பிளாட்டுக்காரி ஒருத்தி என்று மேசையில் சொன்னேன். மேசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. போனது சரி என்று பாதிப் பேர். பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா என்று பாதிப் பேர். எதிர் அக்கா மட்டும் அன்றைக்கு உடனே தீர்ப்புச் சொல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து எழுதினேன். அவர் பிரதி எடுத்துத் தபாலில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் பார்த்தேன். கடைசிப் பத்தியில் அந்தப் பெண் வழியில் கூலாயிலேயே இறங்கிவிடுகிறாள். எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புகிறாள். வீட்டுக்காரன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தலை குனிந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இவர் மீண்டும் முடிவை மாற்றிவிட்டாரே என்று நினைத்தேன். பாதியிலேயே மடித்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனால் பக்கத்து இருக்கையில் அவள் இருக்கிறாள்.

“நீங்க எழுதியிருந்தீங்கல்ல அக்கா. எனக்காகத்தான் எழுதுனீங்கன்னு தெரிஞ்சிச்சு. நேத்து சாயந்தரமே வந்துட்டேன்.”

அது நான் எழுதினது இல்லையம்மா என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் மேற்பார்வை பார்க்கும் லைன் லீடர் நின்றிருந்தார். எதிர் வரிசையில் மேசைக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். அப்புறம் இடைவேளை வந்தது, அப்போதும் சொல்லவில்லை. அவள் முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. “நல்லதும்மா” என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன வார்த்தைகளில் எடுத்துவிட வேண்டிய வார்த்தை அது ஒன்றுதான்.

அவள் வீட்டுக் கதவு கொஞ்ச நாள் கதையில் வந்ததுபோல்தான் இருந்தது. அப்புறம் மீண்டும் சட்டைக் கை நீண்டது. ஒருநாள் முன்பல் ஒன்று இல்லை, குளியலறையில் வழுக்கியது என்றாள். அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை. வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்று வீட்டில் முதன்முறையாக அவரிடம் நேராகக் கேட்டேன். ஏன் அவளைக் கூலாயில் இறக்கினீர்கள் என்றேன்.

“அத நான் மாத்தலயே. நீ எழுதுனத அப்படியே எழுதுனேன்.”

“பொய் சொல்லாதீங்க.”

எனக்குக் கல்யாணமாகி அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல். அவர் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸைக் கழுவப் போய்விட்டார். அலமாரித் தட்டில் தேடிப் பார்த்தேன். அந்தக் காலண்டர் தாளில் எண்ணெய் டப்பா கவிழ்ந்து, எப்போதோ தூக்கிப் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கதைகளை அவரிடம் கொடுக்கவில்லை. நானே கோழிக் கிளறலில் பிரதி எடுத்து அனுப்பினேன். ஒன்றிரண்டு வந்தன. மற்றவை திரும்பி வந்தன. உங்கள் வழக்கமான நிறைவு இதில் இல்லையே என்று ஆசிரியர் ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். கேண்டீன் மேசையிலும் எங்கள் பிளாட்டில் ஒன்றும் நடக்காமல் போயிற்று. ஆனாலும் அவர் ஒவ்வொரு மாதமும் காலண்டர் தாளைக் கிழித்துச் சுருட்டி என் பக்கத்தில் வைப்பார். நான் அதை எடுத்து நேராக அலமாரியில் விரிப்பேன். கடைசிவரை வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் பக்கத்து இருக்கைப் பெண்ணைப் பல வருடம் கழித்து ஒருமுறை பார்த்தேன். மாசாயில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போட்ட சாயந்தரம், மரவள்ளிக்கிழங்கு வறுக்கும் கடைப் பக்கம். தலை நரைத்திருந்தது. தனியாக இருக்கிறாளா, அவனோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள், இன்னும் எழுதுகிறீர்களா என்று. இல்லையம்மா என்றேன்.

“அந்தப் பொண்ணு கூலாய்ல எறங்காம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரு கத எழுதுங்கக்கா. படிக்கணும்போல இருக்கு.”

குறையாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு பொருள் கேட்பதுபோல் கேட்டாள். தலையை ஆட்டினேன். அந்தக் கதையை நான் எழுதவில்லை. இந்தப் புத்தகம் வருகிறது என்றதும், கடைசிப் பத்தியை எடுத்தாலே அவள் கேட்ட கதை கிடைத்துவிடுமே என்றுதான் முதலில் நினைத்தேன்.

இவ்வளவையும் எழுதியபிறகு, சரிபார்க்கலாம் என்று அந்தப் பத்தியை மகளிடம் சொல்லி மறுபடி பெரிதாக்கச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அச்சில் வந்த அன்றைக்குப் பிறகு நான் அதை முழுதாகப் படித்ததே இல்லை. அன்றைக்கும் பாதிதான். டீச்சர் அனுப்பியபோதுகூடக் கூலாய் என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் ஏன் இறங்கினாள் என்று அந்தப் பத்தியில் இருக்கிறது. காலையில் தோசைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வருகிறது. இந்தச் சூட்டுக்குச் சாயந்தரத்துக்குள் தண்ணீர் நுரைத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடுமே, அதை வடிக்கக்கூட ஆள் இல்லையே என்று நினைக்கிறாள். அவனை மன்னித்து இறங்கவில்லை, உளுந்துக்காக இறங்குகிறாள்.

என் வீட்டுக்காரருக்கு உளுந்து எது, பாசிப்பயறு எது என்று தெரியாது. சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வருவார். அவர் எழுதிய முடிவுகளில் மகன் வருவான், தம்பி வருவான், தோளைத் தொடுவார்கள், கண் கலங்குவார்கள். உளுந்து நுரைக்காது. இது நான் எழுதினதுபோல் இருக்கிறது.

அப்படியென்றால் அவர் சொன்னது உண்மை. நான் பொய் என்று சொன்னேன், அதைச் சுமந்துகொண்டே அவர் போய்விட்டார்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஒருமுறை கோத்தா திங்கி அருவிக்குப் போகும் வழியில், உளுந்து ஊறப்போட்டதை நினைத்துப் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னேன். வருடக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வார். அந்தக் கேலியைக் கதையில் வைத்தாலும் வைத்திருப்பார். அது இந்தக் கதைக்கு முன்னாலா பின்னாலா என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். வரவில்லை. பஸ் கிளம்புவதுவரை எழுதின ஞாபகம் நன்றாக இருக்கிறது. அதற்குமேல் பேனாவை வைத்தேனா, எழுதிக்கொண்டே போனேனா என்று தெரியவில்லை. அவர் எழுதினது என்று இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, அதுவே ஞாபகமாக உட்கார்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

டீச்சர், அந்தப் பத்தியை இப்போது எடுக்க வேண்டாம். நான் மேலே எழுதியதில் ஊர், பஸ் போகும் வழி எல்லாவற்றையும் யாராவது தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தட்டும். ஒன்றை மட்டும் கட்டாயம் விசாரித்துச் சொல்ல வேண்டும். கேண்டீன் மேசையில் என் எதிரே உட்கார்ந்த அக்கா மாசாயில்தான் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஞாபகசக்தி அவருக்கு இன்னும் குறையவில்லையாம். எழுதுவதற்கு முன் அந்த மேசையில்தான் கதையைச் சொன்னேன். எதுவரை சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கதை என்று சொல்லிக் கேட்காதீர்கள், அது கதை என்று அவருக்குத் தெரியாது. அந்த பிளாட்டில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு லார்கினில் பஸ் ஏறினாளே ஒருத்தி, அவள் போனாளா, கூலாயில் இறங்கினாளா என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதை எனக்கு அப்படியே வந்து சொல்லுங்கள்.